எல்வெட் பந்தை விட மாட்டேன் என்கிறான்

கும்டெர்வென்,
பிப்ரவரி 6, 2019

அன்புள்ள ஹைடனுக்கு,

மான்செல் எழுதுகிறேன். எந்த மான்செல் என்று யோசிக்காதே. பள்ளிக்கூட ரக்பி அணியில் வலது ஓரத்தில் நின்று குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவன், பிறகு கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தவன், அந்த மான்செல். நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் இடுப்பளவு பனி என்று உன் அண்ணி மயர் சொன்னார். இங்கே வழக்கம்போல மழை. என் முழங்கால்கள் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

உன் முகவரியை அண்ணியிடம்தான் வாங்கினேன். "எதுக்கு?" என்று கேட்டார். "சும்மாதான்" என்றேன். நம்பவில்லை, ஆனாலும் கொடுத்தார், தொலைபேசி எண்ணையும் சேர்த்து. பேசிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதிப் பேச்சில் நீ வைத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தையும் கிழித்துப் போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு முறை படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா?

விஷயம் எல்வெட்டைப் பற்றியது. பெயரைப் பார்த்ததும் தாளை மடித்துவிடாதே.

அவனுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. இலையுதிர் காலத்தில் மேட்டுத் தெரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போயின. கிறிஸ்துமஸ் முடிந்ததும் ஆங்கிலம் போய்விட்டது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, முழுசாக! எல்வெட்டின் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார். நம் தலைமையாசிரியர் அவனை மேடையில் நிறுத்தி, "இந்தப் பள்ளத்தாக்குப் பையன்கள் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு இவனைப் பாருங்கள்" என்று காட்டுவாரே! அது அத்தனையும் கழன்று விழுந்து, அவன் அம்மா அடுப்படியில் பேசிய நம் வெல்ஷ் மொழி மட்டும் மிச்சம் இருக்கிறது.

அவன் மனைவி ஜில்லியன் இங்கிலாந்துக்காரி என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் வெல்ஷில் காலை வணக்கம் சொல்லவும் நன்றி சொல்லவும்தான் பழகியிருக்கிறாள். எல்வெட் வீட்டில் அவளோடு ஒரு நாளும் நம் மொழியில் பேசியதில்லையாம். ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றாள். "மான்செல், கொஞ்சம் வந்து அவர் என்ன சொல்றார்னு கேட்டுச் சொல்லுங்க. என் புருஷன் என்னைப் பார்த்துதான் பேசறார், எனக்கு ஒரு வார்த்தை புரியல" என்றாள். அதிலிருந்து புதன்கிழமை தோறும் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா ஹைடன்? எங்கடா போயிருந்த?" என்றான். நான் மான்செல் என்று சொன்னேன். சிரித்தான். "மான்செலா? அவன் அந்தக் கோடியில நிப்பான். அவனுக்கு யாரு பந்து குடுப்பா?" என்றான். பெற்ற மகளின் பெயர் மறந்தவனுக்கு இது மறக்கவில்லை பார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இனிமேல்தான் எனக்குத் தலை சுற்றும் பகுதி வருகிறது. அவன் மடியில் ஒரு பச்சைக் குஷன் இருக்கிறது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் சாய்த்து, தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். விடுவதே இல்லை. தட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால், "இரு, இரு, அவன் இன்னும் கூப்பிடல" என்கிறான். இல்லத்தில் வேலை செய்யும் பெண்கள் முதலில் வயிற்றுவலி என்று நினைத்தார்கள். பிறகு பிரார்த்தனை செய்கிறான் என்று நினைத்துப் போதகரை வரவழைத்தார்கள். போதகர் குனிந்து தோளைத் தொட்டதும் எல்வெட் அவரை முழங்கையால் இடித்துத் தள்ளினான். எனக்கு மட்டும்தான் அவன் பிடித்திருப்பது பந்து என்று தெரிந்தது. ரக்பி ஆடியவனுக்குத் தெரியாமல் போகுமா?

நீ பத்தாம் எண், அவன் ஒன்பதாம் எண். கூட்டமாகத் தலைமுட்டிக்கொண்டு நிற்பவர்களின் காலடியிலிருந்து அவன் பந்தை எடுப்பான். நீ எங்கேயோ பின்னால் நிற்பாய். சீட்டி அடிப்பாய். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சீட்டி வந்த பக்கம் வீசுவான். எதிர் அணிக்காரர்கள் முழிப்பார்கள். அந்தச் சீட்டிக்காகத்தான் இப்போதும் காத்துக்கொண்டிருக்கிறான்.

நான் ஓரத்தில் நின்றவன். காதில் காற்று இரைச்சல் தவிர ஒன்றும் கேட்டதில்லை. ஆகவே எனக்கு எழுது: அது என்ன சீட்டி? நீளமா, குட்டையா? முடிவில் ஏறுமா, இறங்குமா? நானாகவே ஏதோ முயன்று பார்த்தேன். பொய்ப்பல் கட்டிய வாயில் எச்சிலும் காற்றும்தான் வந்தன. பக்கத்தில் இருந்த பெண் எனக்கு மூச்சுத் திணறுகிறதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள்.

விளையாட்டாக எழுதுகிறேனே தவிர, நிலைமை விளையாட்டு இல்லை. அவன் அரைத்தூக்கத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஜில்லியன் வாயில் ஊட்டும் இரண்டு மடக்குக் கஞ்சியில்தான் உயிர் ஓடுகிறது. ஒரு முறை குஷனைப் பிடுங்கிப் பார்த்தார்கள். குழந்தை மாதிரி அழுதான், பிறகு துண்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். இப்படியே போனால் வசந்தத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

உங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது எனக்குத் தெரியும். உன் அண்ணன் டென்சிலை அடக்கம் செய்த அன்று நானும் தேவாலய முற்றத்தில் நின்றேன். எல்வெட் கையை நீட்டினான், நீ உன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. சீட்டியை மட்டும் எழுது, போதும். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் பள்ளித்தோழன்
மான்செல்


கும்டெர்வென்,
மார்ச் 4, 2019

அன்புள்ள ஹைடனுக்கு,

உன் அட்டை கிடைத்தது. கொம்பு வைத்த கலைமான் படம் அழகாக இருக்கிறது. "சீட்டி எதுவும் ஞாபகம் இல்லை. எல்வெட்டின் மனைவிக்கு என் அனுதாபம்" என்று எழுதியிருக்கிறாய். சரி. கடைசி ஆண்டுப் போட்டியில் நான் பந்தைச் சேற்றில் நழுவவிட்டதை அடக்கத்துக்கு வந்த இடத்தில்கூட நினைவுபடுத்தியவன் நீ. உனக்கு ஞாபகம் இல்லையென்றால் இல்லைதான், நான் என்ன செய்வது?

புனித டேவிட் நாளன்று நம் பழைய மாணவர்கள் ரக்பி கிளப்பில் கூடினோம். நம் நாட்டு வழக்கப்படி கோட்டில் லீக் வெங்காயத்தாளைக் குத்திக்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லோரும் என்றால் ஒரு மேஜைக்குள் அடங்கிவிட்டோம். வக்கீல் வெர்னனுக்குக் காது போய்விட்டது. கம்பளம் விற்றுப் பணக்காரனான அல்க்வினுக்கு இடுப்பெலும்பு இரண்டும் புதுசு. அவரவர் மாத்திரைகளை மேஜைமேல் எடுத்து வைத்து ஒப்பிட்டுக்கொண்டார்கள். நான் மருந்துக்கடைக்காரன் என்பதால் ஆலோசனை எல்லாம் ஓசி. உன் சீட்டி எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆளுக்கு ஒரு மாதிரி அடித்துக் காட்டினார்கள். பரிமாறுகிற பெண், தன்னைத்தான் கூப்பிடுகிறோம் என்று கோபப்பட்டு, "இந்த வயசுல இது தேவையா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அல்க்வினைக் கையோடு கூட்டிப்போய் எல்வெட் எதிரில் சீட்டி அடிக்கச் சொன்னேன். எல்வெட் நிமிர்ந்து பார்த்தான். "இந்தச் சீட்டிக்கு நாய்கூட வராது" என்றான். மறுபடி தரையைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

இன்னொன்று எழுதலாமா கூடாதா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், ஏனென்றால் தனியாகச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. எல்வெட் என்னை நீ என்று நினைத்துக்கொண்டு டென்சிலைப் பற்றிப் பேசுகிறான்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம், சுரங்க வாசலில் நிர்வாகத்தின் காரில் கல் விழுந்தது. அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் எல்வெட்டும் ஒருவன். அப்போது அவன் உதவி மேலாளர். கிராமர் ஸ்கூல் நுழைவுத் தேர்வில் தேறிய நாம் மேஜைக்குப் பின்னால் போனோம், தேறாத டென்சில் பூமிக்கு அடியில் போனான், அப்படித்தானே நம் காலம்? எறிந்தது யார் என்று எல்வெட்டைத்தான் கேட்டார்கள். வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரும் கொடியும் வாத்தியமுமாகத் திரும்பிப் போனபோது, டென்சிலை மட்டும் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு அவனுக்கு நிலையான வேலை கிடைக்கவே இல்லை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு புதன்கிழமை எல்வெட் சொன்னான்: "டென்சில் பேரை நான் சொல்லலடா. திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நான் வாயே திறக்கல." நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அடுத்த புதன்கிழமை அதே முகத்தோடு சொன்னான்: "நான்தான்டா சொன்னேன். டென்சில்னு சொன்னேன்." ஜில்லியன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்ன சொல்றார்? என்ன சொல்றார்?" என்று என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். பழைய ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறான் என்று சொல்லிவைத்தேன். வேறு எதை மொழிபெயர்ப்பது? இரண்டில் எதை?

வெர்னனிடம் கேட்டேன். எல்வெட் டென்சிலுக்காக வாதாடினான், அதனால்தான் கடைசிவரை மேலாளர் ஆகவில்லை என்கிறான். அல்க்வினிடம் கேட்டேன். "பின்ன அவனுக்கு அந்தப் பெரிய வீடு எங்கேயிருந்து வந்துச்சாம்?" என்கிறான். இரண்டு பேரும் அடித்துச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் அங்கே இருந்ததில்லை. பதினொரு வயதிலிருந்து எல்வெட்டை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது, ஹைடன். மண்டை காய்கிறது.

ஜில்லியன் வேறு ஒன்று சொல்லிக் குழப்பினாள். வேலைநிறுத்தம் முடிந்த வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்வெட் கூடத்தில் உட்கார்ந்து கனடாவுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டானாம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லையாம். பிறகு தோட்டத்துக்குப் போய் மழையில் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தானாம். என்ன கேட்க நினைத்தான் என்று அவளுக்குத் தெரியாது. நீ அன்று வீட்டில் இருந்தாயா, வேலைக்குப் போயிருந்தாயா, எனக்குத் தெரியாது. போன வாரம் அவன் என்னிடம், "நான் குடுத்தேன்டா. நீதான் அங்க இல்ல" என்றான். அது எந்த ஆட்டம் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் ஒரு பொய்யும் சொல்லிப் பார்த்தேன். "ஹைடன்தான் வந்திருக்கேன், குடுடா" என்றேன். "எந்தப் பக்கம்?" என்று கேட்டான். "வலது பக்கம்" என்றேன். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் குஷனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். என்னை ஹைடன் என்றும் கூப்பிடுகிறான், நான் ஹைடன் இல்லை என்றும் தெரிந்து வைத்திருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்ததும் நான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன், சிரிக்காதே.

ஞாபகம் வந்தால் எழுது. வராவிட்டாலும் எழுது.

இப்படிக்கு,
மான்செல்


கும்டெர்வென்,
மார்ச் 21, 2019

அன்புள்ள ஹைடனுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் உன் அண்ணி வந்தார்.

இந்த ஊரில் எதுதான் மறைகிறது? நான் உனக்கு என்ன எழுதுகிறேன் என்பதைத் தபால் நிலையத்தில் நிற்கிற வரிசையே பேசிக்கொண்டிருக்கிறது. அண்ணி நேராக என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்து, "என்னப்பா தேடிக்கிட்டிருக்க?" என்றார். சீட்டி என்றேன். சிரித்துவிட்டார். "அது ஹைடன் சீட்டியா? அது எங்க வீட்டுச் சீட்டி. டென்சில் நாயைக் கூப்பிடறது" என்றார்.

உன் அண்ணன் வளர்த்த அந்த ஒல்லிப் பந்தய நாய் மலைச்சரிவில் எங்கே இருந்தாலும், பின்வாசலில் நின்று அவன் ஒரு சீட்டி அடித்தால் ஓடி வருமாமே. நீ சின்ன வயதில் அவனிடம்தான் கற்றாயாம். வேலை முடிந்து கரிமுகத்தோடு டென்சில் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று நம் ஆட்டங்களைப் பார்ப்பானாம். நான் வேலியோரத்தில்தான் நின்றேன், ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படியானால் உன் அட்டை எனக்குப் புரிகிறது, டென்சிலின் சீட்டியை எல்வெட்டுக்காக அடிக்க உனக்கு மனம் வரவில்லை. புரிகிறது என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தில் நான் நினைத்தது எதுவும் சரியாக இருந்ததில்லை.

அண்ணியை அடித்துக் காட்டச் சொன்னேன். உதட்டைக் குவித்தார், வரவில்லை. "எனக்கு எப்பவுமே வராது. பிள்ளைங்களுக்கும் வராது. இப்ப அது ஹைடன் வாயில மட்டும்தான் இருக்கு" என்றார். எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு, "என்னை அவன்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? கூட்டிப்போனேன். ஒரு மூடிப் பாத்திரத்தில் ஆட்டுக்கறியும் லீக்கும் போட்ட கவுல் சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டார். உள்ளே நுழைந்ததும் ஜில்லியன் எழுந்து நின்றுவிட்டாள். யார் என்று அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே கடைத்தெருவில் முப்பது வருஷமாக எதிரெதிர் ஓரமாக நடந்தவர்கள்.

அண்ணி அவன் எதிரில் உட்கார்ந்தார். எல்வெட் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் யார் என்று தெரிந்துதான் கேட்டானா, இல்லையா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். "டென்சில் வேலைக்குப் போயிட்டானா?" என்றான்.

அண்ணி மடியில் இருந்த பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். பிறகு, "போயிட்டான்" என்றார். "அப்பாடா" என்றான் எல்வெட்.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். அழுதேன், அதில் என்ன வெட்கம்? ஜில்லியன் வந்து என்ன சொன்னார் என்று கேட்டாள். முதல் தடவையாக ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். அவள் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பெண்களும் மாறி மாறி அந்தச் சூப்பை ஊட்டப் பார்த்தார்கள். "இரு, அவன் இன்னும் கூப்பிடல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் மணிக்கட்டு இப்போது என் கட்டைவிரல் தடிமன்தான் இருக்கிறது.

திரும்பும்போது காரில் அண்ணியிடம் கேட்டேவிட்டேன், அவன்தான் சொல்லியிருப்பானா என்று. "முப்பது வருஷமா நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். எனக்கும் தெரியல. தெரியாமலே போய்ச் சேருவேன்போல" என்றார். பாலத்தைத் தாண்டினோம். பிறகு சொன்னார்: "அந்த வருஷம் எங்க வீட்டு அடுப்பு எரியாத நாள் உண்டு. பசின்னா என்னன்னு எனக்குத் தெரியும். என் கண்ணு முன்னால ஒருத்தன் சாப்பிடாமச் சாகறதை நான் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது, அது எல்வெட்டாவே இருந்தாலும். ஹைடனுக்கு எழுது. அவனை மன்னிக்கச் சொல்லல. டென்சிலோட சீட்டியைக் கேட்டு எனக்கும் நாளாச்சுன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி புதன்கிழமை, இங்கே பிற்பகல் மூன்று மணி, உனக்குக் காலை நேரம். நான் இல்லத்திலிருந்து உன்னைக் கூப்பிடுவேன். அண்ணியும் வருகிறார். ஜில்லியன் சூப்பைச் சூடாக வைத்திருப்பாள். நீ எடுத்ததும் தொலைபேசியை எல்வெட்டின் காதில் வைப்பேன். நீ பேச வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டாம். அன்று காரில் இருந்தவன் என்ன சொன்னான், அந்த ஞாயிற்றுக்கிழமை எதற்காகக் கூப்பிட்டான் என்பதெல்லாம் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கு அதில் இன்னும் குழப்பம்தான், குழப்பத்தோடுதான் கேட்கிறேன். அவன் உன்னைத் திரும்பிப் பார்க்க மாட்டான், எப்போதும் பார்த்ததில்லை. நீ எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று அவன் காதில் விழுந்தால் போதும்.

கடவுள் உன்னையும் உன் பிள்ளைகளையும் நன்றாக வைத்திருக்கட்டும். உன் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வலது ஓரத்து மான்செல்

பி.கு.: பள்ளிக்கூடத்தில் நீ எனக்கு ஒரு பந்தும் கொடுத்ததில்லை. நானும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.